ஓதக்காலிற் கலஞ்செலுத்தல்

கலஞ்செலுத்துவோர் பெரிதும் அஞ்சுவது ஆழ்கடலையே என்று கரையிலிருப்போர் கருதுவர். கடலோடிகளை வினவின் அவர் வேறு கூறுவர். ஆயிரம் பாகம் ஆழமுள்ள கடலிற் புயலும் மலைபோன்ற அலையும் உளவேனும், அடியில் முட்டுதற்கு ஒன்றுமில்லை. கரையை அணுகும்போது, அதனினும் கரைக்கும் தீவுக்கும் இடையே ஓதம் ஏறி வற்றும் ஆழமற்ற நீர்க்கால்களுட் புகும்போதுதான் அவர் முகத்திற் கவலை தோன்றும். இத்தகைய ஓதக்காலிலே, ஆங்கிலர் யாட் எனப் பெயரிட்டழைக்கும் சிறு பாய்க்கலம் ஒன்றனை இடரின்றிச் செலுத்துமாறு யாதென்பது பற்றி எமக்குத் தோன்றிய கருத்தினை ஈண்டுக் கூறப்புகுகின்றோம். கரையிலிருந்து நூல் கற்றார் கூறும் கருத்து இஃதென்று இகழ்வார் இகழ்க. கணக்கு கரையிலும் கணக்கே, கடலிலும் கணக்கே.

ஓதக்காலிற் கலம் தரைதட்டுவது பெரும்பாலும் இடம் அறியாமையாலன்று, காலம் அறியாமையாலேயாம் என்பது எம் கொள்கை. இக்காலத்தே விண்ணிற் சுழலும் துணைக்கோள்களின் உதவியாற் கலம் நிற்கும் இடத்தைச் சில மீட்டர் அளவிற் காட்டும் கருவிகள் எளிதிற் கிடைக்கின்றன. இதனால் இடத்தைப் பற்றிய அறிவு மலிந்தது. மலியவே, காலத்தைப் பற்றிய அறிவு போற்றுவாரின்றிக் கிடக்கின்றது. ஓத அட்டவணையைப் படிக்கவும், விழுது விட்டு ஆழம் அளக்கவும், வேண்டுமேல் ஒரு நாள் காத்திருக்கவும் இசையாத ஒருவன், தன் உயிரோடு பிறர் உயிரையும் ஏற்றிக்கொண்டு இத்தகைய நீர்க்காலுட் புகுதல் தகாது.

நம் நாட்டார்க்கு இதன் இயல்பை விளக்குதல் சிறிது அரிது. சென்னைக் கரையில் ஓதம் ஏறியிறங்கும் அளவு பெருக்கு நாட்களிலும் ஏறத்தாழ ஒரு மீட்டரேயாம். வடகடலின் தென்கரையிலே, ஒல்லாந்து, ஜெர்மனி, டென்மார்க்கு என்னும் மூன்று நாடுகளின் ஓரமாகக் கிடக்கும் வாடன் கடலிலோ நிலைமை வேறு. அங்கே நாளொன்றுக்கு இருமுறை நீர் வடிந்து, கரைக்கும் தீவுகளுக்கும் இடைப்பட்ட பரப்பெல்லாம் மணலும் சேறுமாய் வெளிப்படும். வழிகாட்டி ஒருவன் முன்செல்ல, மக்கள் நடந்தே தீவினை அடையும் இடங்களும் உள. ஆறு மணி நேரம் கழியின் அவ்வழி மீண்டும் கடலாகும். ஜெர்மானியப் பகுதியும் ஒல்லாந்துப் பகுதியும் 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. டென்மார்க்குப் பகுதி 2014இற் சேர்ந்தது.

ஜெர்மானியக் கரையில் மேற்கினின்று கிழக்காக போர்க்கும், யூஸ்ட், நோர்டர்னை, பால்ட்ரும், லாங்கெஓக், ஸ்பீக்கெரோக், வாங்கெரோக் என ஏழு தீவுகள் மாலைபோல் நிற்கின்றன. ஒவ்வொரு தீவின் இரு முனைகளிலும் கடல்வாய்கள் உள. ஏற்றோதம் அவ்விரு வாய்களின் வழியாகவும் உட்புகுந்து, தீவின் பின்புறத்தே ஒன்றனையொன்று எதிர்ப்படும். எதிர்ப்பட்ட இடத்தே ஓட்டம் அடங்குதலின், நீர் தான் சுமந்துவந்த நுண்மணலையும் சேற்றையும் அங்கே படியவிடும். ஆகவே ஒவ்வொரு தீவின் பின்னும் ஒரு மேடு உண்டு. ஒரு தீவின் பின்புறமாகச் சென்று அடுத்த தீவை அடைய விரும்பும் கலம் இம்மேட்டினைக் கடந்தே ஆகவேண்டும். வற்றத்தில் இம்மேடு உலர்ந்த நிலமாம். பெருக்கில் ஒரு மனிதனின் மார்பளவோ தலையளவோ நீர் நிற்கும். அந்நேரமே வாயில் திறந்திருக்கும் நேரம். இனிய செய்தி ஒன்றும் இதிலுண்டு. ஏற்றோதத்தின் மேலேறி மேடு வரையிற் செல்லும் கலம், மேட்டினைத் தாண்டியபின் வற்றோதத்தின் மேலேறி மறுபக்கம் இறங்கலாம். இருபுறமும் நீர் துணையாகவே ஓடும். ஓதம் மேற்கினின்று கிழக்காக நகர்தலின், கிழக்கு நோக்கிச் செல்வார்க்குப் பெருக்குநேரமும் சிறிது பின்னிப் பின்னி வந்து உதவும்.

நிற்க. வாயில் எத்துணை நேரம் திறந்திருக்கும் என்பதைக் கணித்துப் பார்ப்போம். கடலோடிகள் பன்னிரு பங்குக் கணக்கு என ஒன்று வைத்திருக்கின்றனர். வற்றத்தினின்று பெருக்குக்கு ஏறும் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில், முதல் மணியில் மொத்த ஏற்றத்திற் பன்னிரண்டில் ஒரு பங்கும், இரண்டாம் மணியில் இரு பங்கும், மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று பங்கும், ஐந்தாம் மணியில் இரு பங்கும், இறுதி மணியில் ஒரு பங்கும் நீர் ஏறும் என்பது அது. இது தோராயமே, எனினும் பயன்படும் தோராயம். ஏற்றம் 2.4 மீட்டர் என்று கொள்க. பன்னிரண்டில் ஒரு பங்கு 20 சென்டிமீட்டர். மேடு அன்றைய வற்றமட்டத்தினின்றும் 90 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கின்றது என்க. கலம் நீருள் அமிழும் அளவு ஒரு மீட்டர். அடியில் 30 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஆகக் கூடி வற்றமட்டத்தின்மேல் 2.2 மீட்டர் நீர் வேண்டும். இவ்வளவு நீர் பெருக்குக்கு ஒரு மணி நேரம் முன்னர்தான் கிட்டும். பெருக்குக்கு ஒரு மணி நேரம் பின்னர்ப் போய்விடும். இரண்டு மணி நேரமே வாயில் திறந்திருக்கும்.

அவ்விரண்டனுள்ளும் முதல் மணியையே பயன்கொள்ளல் வேண்டும் என்போம். இரண்டும் ஒன்றே அன்றோ, நீர் அளவு ஒத்திருக்க முதலென்ன, பின்னென்ன என வினவுவார் உளர். நீர் ஏறும்போது தரை தட்டிய கலம் கால்மணி நேரம் காத்திருக்கத் தானே எழும். நீர் வற்றும்போது தரை தட்டிய கலமோ, செலுத்துவோன் திகைத்து நிற்கும் பத்து நிமிடத்துள் மணலில் ஊன்றிவிடும். அடுத்த பெருக்கு வரை ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம் அங்கேயே கிடத்தல் வேண்டும். அதனினும் கொடியது ஒன்றுண்டு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் பின்னர்ப் பேரோதமும், அட்டமியை அடுத்துச் சிற்றோதமும் வருதல் யாவரும் அறிந்ததே. பேரோதத்தின் உச்சியிலே தரை தட்டிய கலத்துக்கு, அடுத்துவரும் ஒவ்வொரு பெருக்கும் முன்னையதிற் சிறிது குறைந்தே வரும். மீண்டும் அடுத்த உவா நாள் வரும்வரை, ஏறக்குறையப் பதினான்கு நாட்கள், கலம் மணல்மேல் நிற்கக்கூடும்.

இக்கணக்கில் ஒரு மணி நேரம் தவறினும் வாயில் அடைபடும் என்பது வெளிப்படை. ஆயினும் அவ்வொரு மணி நேரத்தைத் தவறவிடுதல் மிக எளிது. ஐரோப்பியர் கோடையிற் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும் வழக்கமுடையர். அட்டவணையோ பெரும்பாலும் இயல்பான நேரத்தையே கூறும். கூட்ட மறந்தவன் கணக்கனைத்தையும் செவ்விதிற் செய்தும் அழிவான். இவ்வாறே கடற்படத்தில் ஓரெண்ணின்கீழ்க் கோடிட்டிருப்பின், அஃது ஆழத்தையன்று, வற்றத்தில் வெளிப்படும் நிலத்தின் உயரத்தையே குறிக்கும். ஒரு சிறு கோட்டினைக் காணாது விடுதலால் நீரும் நிலமும் மாறுபடுகின்றன. எழுத்திற்கு மேலிருக்கும் புள்ளியைக் காணாது பொருளைத் திரித்துக்கொள்ளும் மாணவரை எமக்குத் தெரியும். அவர் இழப்பது சில மதிப்பெண்களே.

அட்டவணை கூறுவது வானத்தின் கணக்கு. காற்றின் கணக்கு வேறு. வாடன் கடலிற் கொண்டல் எனப்படும் கீழ்காற்று சில நாள் வலிந்து வீசின், நீரைக் கரையினின்று தள்ளிக்கொண்டு போய்விடும். பெருக்கு அரை மீட்டரும் அதற்கு மேலும் குறைந்து நிற்றல் உண்டு. மேல்காற்றும் வடமேல்காற்றும் நீரைக் கரைமேற் குவிக்கும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் கூடினால் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தாழும். மேற்காட்டிய கணக்கில் எஞ்சிய இடைவெளி 30 சென்டிமீட்டரே என்பதை நினைவிற் கொள்க. ஜெர்மானிய அரசின் கடலாய்வு நிலையம், நீர்மட்டம் வழக்கத்தினும் எவ்வளவு ஏறும், எவ்வளவு தாழும் என்று நாள்தோறும் முன்னறிவிக்கின்றது. இதனைக் கேளாது புறப்படுவானை யாது சொல்வது!

இனி இடத்துக்கு வருவோம். கருவி காட்டும் இடம் மெய்யே. ஆயின் அக்கருவியுள் இருக்கும் படம் எப்போது அளந்து வரையப்பட்டது? மணல் ஓரிடத்தில் நிற்கும் பொருளன்று. வாங்கெரோக் தீவிலே 1600ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்ட உயர்ந்த கோபுரம் ஒன்று கடலோடிகளுக்குக் குறியாய் நின்றது. அதனை அடுத்து ஊரும் இருந்தது. 1854–55ஆம் ஆண்டின் குளிர்காலப் புயல் வெள்ளம் அவ்வூரினை அழிக்க, மக்கள் கிழக்கே சென்று குடியேறினர். கோபுரம் மேற்கே அலைவாயில் தனித்து நின்று, 1914இற் போர் காரணமாக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஊரே இடம்பெயருங்கால் ஆழமற்ற நீர்க்காலுக்கு உறுதி ஏது? ஒரு குளிர்காலப் புயலிலே நீர்க்கால் நூறு கஜம் விலகிவிடும். அந்நாட்டார் இதனை நன்குணர்ந்தவர். நீர்க்காலின் ஓரத்தே பூர்ச்சமரக் கன்றுகளை வெட்டிவந்து வரிசையாக நட்டு வழி குறிக்கின்றனர். குளிர்காலத்துப் பனிக்கட்டி இவற்றை ஒடித்துச் செல்லுதலால், இளவேனிலில் மீண்டும் நடுவர். சென்ற ஆண்டு நட்ட இடத்திலேயே நடுவாரல்லர்; நீர்க்கால் எங்கே பெயர்ந்ததோ அங்கே நடுவர். படத்திற்கும் இக்கன்றுகளுக்கும் முரண் தோன்றுமிடத்து யாம் கன்றுகளின் பக்கமே நிற்போம். இவ்வாண்டு ஒருவன் நீரில் இறங்கி நின்று நட்ட கோல், என்றோ அளந்த எண்ணினும் நம்பத்தக்கது.

கருவிகளை முற்றும் ஒழிக்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. ஒலி எழுப்பி ஆழம் அறியும் கருவி மிக நல்லது. ஆயினும் அது கீழே நீர் எவ்வளவு என்று கூறுமேயன்றி, அடியிலிருப்பது மணலா, சேறா, சிப்பிப் படுகையா என்று கூறாது. பழைய ஈயவிழுது அதனையும் கூறும். ஈயக்குண்டின் அடியிலுள்ள குழியிற் கொழுப்பை அப்பி இறக்கினால், அடிநிலத்து மண் அதில் ஒட்டி மேலே வரும். அதனைக் கண்டு தொட்டு, இவ்விடத்தே தரை தட்டின் கலம் உடையுமா உடையாதா என்று முன்னரே அறியலாம். மிக்க ஆழமற்ற இடத்துக்கு அளவு குறித்த மூங்கிற்கோலே போதும். முன்னணியத்தில் ஒருவன் நின்று கோலிட்டு எண்ணை உரக்கக் கூற, பின்னணியத்திற் சுக்கான் பிடிப்பவன் கேட்டுச் செலுத்துவது மெத்தப் பழைய முறை. அதனினும் நல்ல முறையை யாம் இன்னும் கண்டிலேம்.

முன்னணியம், பின்னணியம், விழுது, பாகம் என்னும் இச்சொற்களையெல்லாம் யாம் கப்பற்றுறையிற் கற்றோமல்லேம். அப்போஸ்தலர் நடபடிகளின் இருபத்தேழாம் அதிகாரத்திற் கற்றோம். அவ்வதிகாரத்தைக் கடலோடி ஒருவனின் கண்கொண்டு படித்தல் நன்று. நள்ளிரவிலே கரை அணுகுவதாக ஐயுற்ற கப்பலாட்கள் விழுது விட்டு இருபது பாகம் கண்டனர். சிறிது சென்று மீண்டும் விட்டுப் பதினைந்து கண்டனர். ஒரு முறை அளந்தால் ஆழம் மட்டுமே தெரியும். இரு முறை அளந்தால் ஆழம் குறைகின்றது என்பதும், குறையும் விரைவும் தெரியும். உடனே பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரங்களை விட்டு விடியலுக்குக் காத்திருந்தனர். இருளில் மேலும் செல்லத் துணிந்திருப்பின் அக்கப்பலிலிருந்த இருநூற்றெழுபத்தாறு பேரும் பிழைத்திருப்பரோ?

அதே அதிகாரத்தின் முற்பகுதியும் எம் பொருளுக்கு உரியதே. நல்ல துறைமுகம் என்னும் இடத்திலே தங்குதல் வேண்டுமெனப் பவுல் அறிவுறுத்தியும், நூற்றுக்கு அதிபதி மாலுமியின் சொல்லையும் கப்பலுடையான் சொல்லையுமே நம்பினான். குளிர்காலம் தங்குதற்கு வேறு துறை வசதியாயிருக்கும் என்பதே அவர் கூறிய காரணம். இன்று சிறு பாய்க்கலங்களில் நிகழும் இடர்களுக்கும் இதுவே வேர் என்று யாம் துணிந்து கூறுவோம். மாலையில் அடுத்த தீவிலே விருந்து காத்திருக்கின்றது. நாளைக் காலை நண்பர் ஒருவர் புகைவண்டி பிடிக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த கலத்தை இன்னின்ன நாளிற் திருப்பித் தரவேண்டும். இவ்வாறு காலம் ஓதத்தால் வரையறுக்கப்படாது மனிதரால் வரையறுக்கப்படும்போது, அரை மணி நேரம் தாழ்ந்து வந்த கலம் மேட்டின்மேல் ஏறத் துணிகின்றது. நேரம் தவறிற்று, திரும்புவோம் என்று உடன்வந்தோர் முகம் சுளிக்கக் கூறுதல் கடினம். அதனைக் கூறவல்லவனே கலத்துக்குத் தலைவனாதற்கு உரியன். காற்றிற் பாய்விரித்தலை எவரும் ஒரு திங்களிற் கற்பர்.

விரைவு பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஆழமற்ற இடத்தை விரைந்து கடந்தால் மணலைச் சீவிக்கொண்டு போய்விடலாம் என்று சிலர் கருதுவர். இதனை யாம் ஒப்போம். விரைந்து தட்டிய கலம் மணலில் ஆழப் புதையும். மெல்லத் தட்டிய கலம் எளிதின் மீளும். நம் முன்னோரும் கழிமுகத்துட் புகுங்காற் பாயைச் சுருக்கிப் பாரத்தைக் குறைக்கும் வழக்கினர் போலும். புறநானூற்றின் முப்பதாம் பாட்டிலே உறையூர் முதுகண்ணன் சாத்தனார், பாயும் களையாது பாரமும் குறையாது புகார்த்துறையுட் புகுந்த பெருங்கலத்தைப் பாடுகின்றார். ஏனைத் துறைகளில் அவ்வாறு புகுதல் இயலாமையானன்றோ இது சோழன் நலங்கிள்ளியின் நாட்டுக்குச் சிறப்பாயிற்று! அப்பாட்டைக் கற்பார் காவிரியின் ஆழத்தை வியப்பர். அதனுள்ளே அக்காலத்து மீகாமர்தம் எச்சரிக்கையும் மறைந்திருப்பதை நோக்குவார் சிலரே.

எவ்வளவு எச்சரிக்கையாயிருப்பினும் இந்நீர்க்கால்களில் என்றேனும் தரை தட்டுதல் உண்டு. அதனை மானக்கேடாகக் கருதுவோர் பதறிப் பெரும்பிழை செய்வர். எர்ஸ்கின் சில்டர்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர் 1897இல் விக்சன் என்னும் சிறு கலத்தில் இக்கரை வழியே சென்றார். அப்பயணத்தின் பயனாக 1903இல் வெளிவந்த ‘மணற்றிட்டின் புதிர்’ என்னும் அவர்தம் கதையிலே, தரை தட்டுதல் அன்றாட நிகழ்ச்சியாகவே வருகின்றது. ஒல்லாந்தர்தம் தட்டையடிப் படகுகளோ பக்கப்பலகைகளை உயர்த்திவிட்டு வேண்டுமென்றே மணலில் அமர்ந்துகொள்கின்றன.

நீர்க்காலிற் செல்லும்போது காற்று வரும் பக்கத்துக் கரையை ஒட்டிச் செல்லுதல் நன்று. அங்கே தட்டினால் பாயைத் திருப்பிப் பிடித்த அளவில் காற்றே கலத்தை ஆழத்துக்குத் தள்ளிவிடும். எதிர்க்கரையில் தட்டினாலோ அக்காற்றே மேலும் மேலும் மணலில் ஏற்றும். ஆதலின் முதற்கண் பாயை இறக்கல் வேண்டும். பின்னர்ச் சிறு தோணியில் நங்கூரமொன்றை ஏற்றி, கலம் வந்த வழியே ஆழத்துக்குக் கொண்டுசென்று இட்டு, கயிற்றை இழுத்து மீளலாம். ஒற்றை ஏராக்கட்டை உடைய கலத்தில் யாவரும் ஒருபக்கம் சென்று நின்றால் கலம் சாய, அமிழும் அளவு குறையும். இரட்டை ஏராக்கட்டை உடைய கலத்தில் இவ்வாறு செய்யின், சாய்ந்த பக்கத்துக் கட்டை முன்னினும் ஆழமாக ஊன்றும். தன் கலத்தின் அடியைத் தானே அறியாதவன் பிறர் சொற்கேட்டுச் செய்யும் உதவி கேடாய் முடியும் என்பதற்கு இஃதொரு சான்று.

இவை ஒன்றும் பயன்படாது நீர் விலகிவிடின், கலத்திலிருந்து இறங்கிக் கரைக்கு நடந்துவிடலாம் என்று எண்ணற்க. நீர் திரும்புங்கால் நமக்கு முன்னேயுள்ள திட்டின்மேல் ஏறுமுன், நமக்குப் பின்னேயுள்ள தாழ்ந்த ஓடைகளை நிரப்பிவிடும். மூடுபனியும் சேர்ந்தால் திசை தெரியாது. கலமே பாதுகாவல். அடிநிலம் கெட்டியான மணலாயிருப்பின், ஒருவர் மட்டும் இறங்கி, பெரிய நங்கூரத்தைத் தோளிற் சுமந்து ஆழமான பக்கத்தே நடந்து சென்று, கயிற்றின் முழு நீளத்துக்கு அப்பால் அதனைக் கையாலே புதைத்துவிட்டுத் திரும்பல் வேண்டும். ஏனெனின் நள்ளிரவில் நீர் மீளும்போது, கலம் முற்றும் எழுமுன் அலைகள் அதனைத் தூக்கித் தூக்கி மணலில் இடும். அந்நேரத்தே அக்கயிறு தளர்வின்றி இருப்பின், கலம் திட்டின்மேல் இன்னும் உள்ளே ஏறாது நிற்கும். கயிற்றை இறுக்கிக் கட்டியபின் விளக்கை ஏற்றி வைத்து, பெருக்கு நேரத்தை மீண்டும் ஒருமுறை கணித்துக்கொண்டு, ஒருவர் மாறி ஒருவர் உறங்கலாம்.